வெனிஸும் புளியந்தீவும்

இத்தாலிய தேசத்து வெனிஸ் மாநகரைப் பற்றி எழுதுமாறு மாணவ நேயர் ஒருவர் நம்மை வேண்டியிருக்கிறார். தெருவுக்குப் பதிலாகக் கால்வாயும் வண்டிக்குப் பதிலாகப் படகும் உள்ள ஊர் என்று பாடப் புத்தகத்தில் படித்தாராம். அங்கே காணத்தக்கவை எவையென அறிய ஆவல் கொண்டிருக்கிறார். நல்ல ஆவலே. ஆயின் கடிதத்தின் தலைப்பில் அவர் எழுதியிருந்த ஊர் நம் செட்டிபாளையம் என்பதைக் கண்டதும் நமக்குப் புன்முறுவல் தோன்றியது. கிழக்கே கடலையும் மேற்கே வாவியையும் வைத்துக்கொண்டு, நடுவே ஒரு நாடாப்போல் நீண்டு கிடக்கும் எழுவான்கரையில் குடியிருப்பவர் அவர். நீர் சூழ்ந்த பழைய நகரம் ஒன்று அவர் வீட்டு வாயிலிலிருந்து பஸ் வண்டி செல்லும் தூரத்திலேயே இருக்கிறது. அதனை அவர் பலமுறை கண்டிருப்பார். ஆனால் பார்த்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

வெனிஸ் நகரைப் பற்றி முதலிற் சில சொற்கள். நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளை ஏறத்தாழ 400 பாலங்களால் தைத்து எடுத்த நகரம் அது. ஒரு களப்பின் நடுவில் இருப்பது. 1846ஆம் ஆண்டில் ரயில் பாலம் போடப்படும்வரை அதற்கும் பெருநிலத்துக்கும் தரைவழித் தொடர்பே இருந்ததில்லை. மோட்டார் வண்டி செல்லும் பாலம் 1933இலேதான் வந்தது. நம் கல்லடிப் பாலமும் மட்டக்களப்புக்கு ரயில் வந்ததும் 1920களில். இருந்தும் இரு நகரங்களின் இன்றைய நிலை எத்துணை வேறுபட்டது! வெனிஸில் பார்வையாளர் கூட்டம் பொறுக்கமாட்டாமல், 2024ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகும் நாள்களில் பகற்பொழுது வந்து போவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஊர்க்குடிகளோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அந்நகருக்குப் பிறர் பார்வை மிகுந்து வந்த நோய். நம் நகருக்குத் தம்மவர் பார்வை குறைந்து வந்த நோய். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும், தீபாவளி வந்தால் புடைவைக் கடைக்கும் போய், கருமம் முடிந்த கையோடு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வேறு அலுவல் எதுவுமின்றி அந்நகருக்குப் போய்வருமாறு குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்ளவே இவ்வாரம் எழுதுகிறோம்.

காலையிலே புறப்படுக. குருக்கள்மடம், கிரான்குளம், தாளங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நகரத்துக்குள் சென்றுவிடாமல் கல்லடி உப்போடையிலேயே இறங்கிவிட வேண்டும். ஆங்கே 1929ஆம் ஆண்டில் தோன்றிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்தில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டில் மயில்வாகனமாகப் பிறந்து, விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்று, துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்த பெரியார் அவர். வழக்கொழிந்துபோன பழந்தமிழர் யாழ்களைக் கணிதத்தின் துணைகொண்டு மீட்டெடுக்கும் முயற்சியில் நெடுங்காலம் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய யாழ் நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். ஒரு நூலுக்காகவே உயிரைத் தாங்கி வைத்திருந்தாரோ என்று எண்ணத் தோன்றும். பரீட்சைக்காக அவர் பெயரை மனனம் செய்யும் மாணவர்கள், அச்சமாதியின் முன் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு வரட்டும்.

கல்லடிக் கடற்கரைப் பக்கமாகச் சற்று நடந்தால் திருச்செந்தூர் முருகன் ஆலயம். இத்தாலியில் பைசா என்றொரு நகரம் உண்டு. 1173ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய அதன் மணிக்கூண்டுக் கோபுரம், அடிமண் மெலிவால் ஒருபுறம் சாய்ந்தே நிற்பது. உலகத்தார் திரண்டுபோய் அதனருகில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். நம் கல்லடி முருகனுடைய சிறு கோபுரத்தையும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மோதிச் சாய்த்தது. ஆயினும் கோபுரம் விழவில்லை. கல்லடியிலும் நாவலடியிலும் அன்று கடல் கொண்ட உயிர்களை நினைத்தால், இங்கே படம் பிடிக்கும் ஆசை எழாது. இரண்டும் சாய்ந்த கோபுரங்களே. ஒன்று வேடிக்கை, மற்றொன்று சாட்சி.

இனிப் பாலம். தேசாதிபதி சேர் வில்லியம் மன்னிங்கின் மனைவியார் பெயரால் லேடி மன்னிங் பாலம் என வழங்கிய இரும்புப் பாலம், நெடுங்காலம் இலங்கையின் மிக நீண்ட இரும்புப் பாலமாகப் பெயர் பெற்றிருந்தது. ஒரு வண்டி வந்தால் எதிர்வண்டி காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பாலம் அது. ஜப்பானியர் உதவியோடு அகன்ற புதிய பாலம் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பழையதை இடிக்காமல் அருகிலேயே விட்டுவைத்தார்கள். அஃது அறிவுடைய செயல். இதனை வண்டியிலேறிக் கடக்கலாகாது. நடந்தே கடக்க வேண்டும். நடுப்பாலத்தில் நின்று தெற்கே நோக்குக. வாவி 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது. வீச்சுவலைத் தோணிகளும் கண்டல் மரங்களும் தூரத்துப் படுவான்கரையின் பச்சைக் கோடும் தெரியும். நம் செட்டிபாளையத்து வாவிக்கரையும் இதே நீரின் கரைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

பாலத்துக்கு அப்பால் நகரம். அதன் பழைய நெஞ்சு புளியந்தீவு. பெயரே சொல்லுமாறு அஃது ஒரு தீவு. பாலங்களாற் பிணைக்கப்பட்டிருப்பதால் தீவென்பதை நாம் மறந்துபோனோம். கோட்டைக்குப் போகுமுன் வாவிக்கரையிலே, காந்தி பூங்காவின் பக்கத்தில், மட்டக்களப்பு வாயில் என்னும் சிறு கல்வளைவைக் காண்க. நகரத்துக்குள் வருவோர் நீர்வழியாகவே வந்து இறங்கிய காலத்தின் எச்சம் அது. மெதடிஸ்த சபையின் வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814ஆம் ஆண்டில் இங்கே வந்திறங்கினார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலிலேயே மனைவியை இழந்தவர். வந்த ஆண்டிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார்; 1815 ஏப்ரலில் இறந்துபோனார். ஓராண்டுகூட நிறையாத அவருடைய பணியிலிருந்து வளர்ந்ததே மெதடிஸ்த மத்திய கல்லூரி. பக்கத்திலே புனித மிக்கேல் கல்லூரி, 1873ஆம் ஆண்டிலே தோன்றியது; இயேசு சபைத் துறவிகள், முதலிற் பிரெஞ்சு நாட்டவரும் பின்னர் அமெரிக்கருமாக, வளர்த்தெடுத்தது. விபுலானந்தர் கற்றது இங்கேதான். இந்துத் துறவி ஒருவரைக் கத்தோலிக்கக் கல்லூரி வளர்த்துக் கொடுத்ததும், அவர் பின்னர் சாதிமத பேதமின்றிப் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் அமைத்ததும் இந்நகரத்துக்கு இயல்பாய் இருந்த காலம் அது.

கோட்டையைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டில் முதன்முதல் கரையிறங்கியது மட்டக்களப்புப் பக்கத்திலேதான்; இங்கிருந்தே கண்டி அரசனைக் காணப் போனான். அவர்கள் மீண்டும் வந்து வேரூன்றுவதைத் தடுக்கவும், கண்டி அரசனுக்குக் கடல்வழி இல்லாமற் செய்யவும் போர்த்துக்கீசர் 1628ஆம் ஆண்டில் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். நான்கு மூலைகளிற் கொத்தளம். இரு பக்கம் வாவியே காவல். மற்றை இரு பக்கம் அகழி. பத்தே ஆண்டுகள். 1638 மே மாதம் 18ஆம் நாள் ஒல்லாந்தர் தளபதி வெஸ்டர்வோல்ட், இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றினான். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதற் கோட்டை இதுவே.

அடுத்து நிகழ்ந்ததுதான் மாணவர்கள் ஊன்றிக் கற்கத்தக்கது. கோட்டை வீழ்ந்த ஐந்தாம் நாள், மே 23இல், அரசனும் ஒல்லாந்தரும் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்த்துக்கீசரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளிலே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்பது அதில் ஒரு விதி. அரசன் விரும்பினால் மட்டுமே தங்கலாம் என்ற சொற்கள் அரசனிடம் இருந்த படியில் இருந்தன. ஒல்லாந்தர் வைத்திருந்த படியில் அவை இல்லை! அச்சில சொற்கள் காரணமாக மூண்ட பிணக்குப் பல்லாண்டு நீடித்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி, போர்த்துக்கீசரை நீக்கி ஒல்லாந்தரை ஏற்ற இச்செய்கையைக் குறித்தே பிறந்தது. கையொப்பம் இடுமுன் இரு படிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தந்தைமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு இக்கோட்டை வாயிலைவிட நல்ல இடம் கிடையாது. அவ்விரு வாசகங்களையும் தமிழிலே ஒரு பலகையில் அருகருகே எழுதி அங்கே நாட்டினால் எத்துணை நன்றாயிருக்கும் என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டை போர்க்கோலம் களைந்து கச்சேரிக் கோலம் பூண்டது. நெடுங்காலம் மாவட்டத்து அரசாங்க அலுவல்கள் அதனுள்ளேயே நடந்தன. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைந்த நம் பாட்டன்மார் பீரங்கிக் கொத்தளத்தின் நிழலிலே குந்தியிருந்து வெற்றிலை போட்டார்கள். கொத்தளத்தை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. இனி வருவோருக்கு அந்தச் சாக்கு இல்லை. மதிலின் மேலேறி வாவியை நோக்கினால், எதிரி எத்திசையிலிருந்து வருவான் என்று கட்டியவன் கணக்கிட்டது உங்களுக்கே விளங்கும்.

போர்த்துக்கீசர் விட்டுச்சென்றது கல் மட்டுமன்று. மட்டக்களப்பிலே வாழும் பறங்கியர் சிலர் இன்றும் வீட்டிற் போர்த்துக்கீசக் கலப்புமொழி பேசுகிறார்கள். திருமணங்களிலே கப்ரிஞ்ஞா என்னும் ஆடலை ஆடுகிறார்கள். நானூறு ஆண்டு பழமையுள்ள ஒரு மொழி, சில நூறு வீடுகளுக்குள் ஒதுங்கி, பிள்ளைகள் நாவில் நாளுக்குநாள் தேய்ந்து வருகிறது. நம் நாவிலும் அதன் துண்டுகள் உண்டு. கதிரை, வாங்கு, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, சப்பாத்து, தவறணை யாவும் அவர்கள் கொணர்ந்தவை. இத்தாலிய மொழியும் போர்த்துக்கீசமும் லத்தீனின் பிள்ளைகள். ஆகவே செருப்பைக் குறிக்கும் சபாத்தா என்னும் இத்தாலியச் சொல் நம் சப்பாத்துக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. வெனிஸ் நகரத்து வீதியில் நம் மாணவ நேயர் என்றேனும் நடந்தால், காலில் அணிந்திருப்பதன் பெயரால் ஓர் உறவு கொண்டாடலாம்.

நண்பகலுக்கு மேல் அமிர்தகழிக்குச் செல்க. மாமாங்கேஸ்வரர் ஆலயம் அங்கே இருக்கிறது. மூலமூர்த்தி சிவலிங்கம், ஆயினும் பிள்ளையாராகவே எண்ணி வழிபடுவது அவ்வாலயத்தின் தனி வழக்கு. இராமன் வழிபட்ட தலம் என்றும், அனுமனோடு தொடர்புடைய தீர்த்தம் என்றும் கூறும் ஐதிகம் உண்டு. ஆடி அமாவாசையன்று தீர்த்தக் கரையிற் காலூன்ற இடம் இராது; தந்தையை இழந்தோர் அனைவரும் அன்று அந்த நீரிலே ஒன்றாய் நிற்பர். கூட்டமில்லாத நாளிற் போவதே பிள்ளைகளுக்கு நல்லது.

நேரம் போதாதோர் விட்டுவிடலாம் எனினும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரை இங்கே ஒரு சொல்லேனும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. நகரத்துக்குள் அடங்காதது, படுவான்கரையைச் சேர்ந்தது. உங்கள் கல் எருது புல் தின்னுமா என்று பறங்கித் தலைவன் ஏளனமாய்க் கேட்க, நந்தி எழுந்து புல்லை மேய்ந்து, அவனை ஓர் உதையும் உதைத்தது என்பது கதை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே போக நம்மவருக்குப் பாதையே துணை. பாதை என்றதும் வெளியூர் நேயர்கள் தெரு என்று கருதவேண்டாம். ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுவே பெயர்.

இனி ஒன்று. சுற்றுலா ஏடுகள் இதனைச் சொல்லத் தயங்கும், பெற்றோர் தயங்கலாகாது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் குடும்பங்கள், கைக்குழந்தைகளும் அடங்க, கொன்றொழிக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. மடிந்தவருட் பலர் சிறுவர். மூன்றும் ஒரே நகரைச் சுற்றியுள்ள இடங்கள். மூன்று சமயத்தாரும் அழுத இடங்கள். நம்முடைய துயரத்தை மட்டும் காட்டிவிட்டு அயலவன் துயரத்தின் வாயிலைக் கடந்து போகும் வழக்கம் நம் எல்லோரிடத்தும் இருக்கிறது. பிள்ளைகளோடு போகும்போதாவது மூன்றிடத்தும் வண்டியை நிறுத்துங்கள்.

மாலையிற் பாலமீன்மடுவுக்குச் செல்லலாம். 1913ஆம் ஆண்டிற் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. அதன் பக்கத்திலே வாவி கடலோடு கூடும் முகத்துவாரம். மாரியிலே வெள்ளம் பெருகி வயலும் வீடும் மூழ்கத் தொடங்கினால், மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவர். இத்தாலியர் செய்வது இதற்கு நேர்மாறு. கடல் பொங்கி நகருக்குள் புகாதிருக்க, தங்கள் களப்பின் வாய்களிலே 78 இரும்புக் கதவுகளை நீருக்கடியிற் பதித்து வைத்திருக்கிறார்கள். 1966 நவம்பர் 4ஆம் நாள் பெருவெள்ளத்துக்குப் பின் எண்ணத் தொடங்கிய வேலை. அக்கதவுகள் முதன்முதலாக எழும்பிக் கடலைத் தடுத்தது 2020 அக்டோபர் 3ஆம் நாளிலேதான். களப்பு நகரத்தார்க்கு எந்தத் தேசத்திலும் கடலோடுதான் வழக்கு.

பௌர்ணமியாக இருந்தால் உடனே ஊர் திரும்பிவிடாதீர்கள். மீன் பாடும் தேனாடு என்று மேடைதோறும் சொல்கிறோம். அப்பாட்டைக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டில் இங்கு வந்தபோது இதனைக் கேள்வியுற்று, நிலாவிற் படகேறிப்போய்க் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் ஒலி போன்ற பல ஒலிகள், ஒன்றோடொன்று கலவாமல் நீரடியிலிருந்து எழுந்தன என்று தம் நூலிலே குறித்தார். பாடுவது மீனன்று, ஊரி என்று அக்காலத்து வலைஞர் அவரிடம் கூறினர். விபுலானந்தரோ நீரர மகளிர் இசைப்பதாகக் கொண்டு பாடினார். புனித மிக்கேல் கல்லூரித் துறவியான லாங் அடிகளார் 1960களிலே அவ்வொலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. கலிபோர்னியாவிலே சோசலிட்டோ என்னும் ஊரிற் படகுவீடுகளில் வசித்தோர், இரவெல்லாம் கேட்ட முரல்வைக் குழாய் இயந்திரத்தின் குற்றமென்று நினைத்திருக்க, 1980களில் ஆராய்ந்தபோது அது காற்றுப்பையை அதிரச்செய்து பெட்டையை அழைக்கும் ஒருவகை மீனென்று தெரிந்தது. நம் வாவிப் பாடகர் எவரென்று இன்னும் அத்துணைத் தெளிவாக எவரும் நாட்டவில்லை. விஞ்ஞானம் கற்கும் நம் மாணவர்களுக்கு வாயிலண்டையிலேயே கிடக்கும் வேலை அது.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, காற்றடங்கிய நிலா இரவே ஏற்ற காலம். கல்லடிப் பாலத்தின் அண்டையில், பாலத்து ஆரவாரம் ஓய்ந்தபின், ஒரு தோணிக்காரரைப் பேசி அமர்த்திக்கொள்ளுங்கள். இயந்திரம் பூட்டிய படகு வேண்டாம். அதன் இரைச்சலில் ஒன்றும் கேளாது. நடுவாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரிலே செங்குத்தாய் இறக்கி, அதன் மேல்நுனியிற் காதை அழுத்தி வைக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முதலில் இடங்கொடுங்கள். எல்லோரும் பேசாமல் இருப்பதுதான் கடினம்.